மழை தொடங்கிய நேரம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலியும் நலம், என்னை விட்டு ஓர் அடி நகரவில்லை. உன் வீட்டுக்காரிக்கு இருமல் விட்டதா? மருமகனுக்குப் பல் விழுகிறது என்று போனில் சொன்னாய். அடுத்த வரியிலேயே நாம் சண்டையை ஆரம்பித்துவிட்டதால் எத்தனை பல் என்று கேட்காமலே போய்விட்டது.

அதனால்தான் இந்தக் கடிதம். போனை எடுத்தால் நாம் இருவரும் கத்துகிறோம். அம்மா இருந்தவரை நடுவில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாள், இப்போது அதற்கும் ஆள் இல்லை. தாளில் கத்த முடியாது. இனி நமக்குள் எழுத்துதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் இடுக்கு உனக்குத் தெரியாததல்ல. மேலே அது மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை எங்கள் நகராட்சியில், ஒன்று நீ வேலை பார்க்கும் ஊரில், ஒன்று மூன்றாம் ஊரில். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. மூன்றும் சேர்ந்து எங்கள் தெரு முனையில்தான் இறங்குகிறது. இப்போது மூன்று ஊர்க்காரர்களும் இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து அந்தக் கிளைகளின் தலையில் கொட்டுகிறார்கள். மேலே வீடு கட்டச் சமநிலம் கிடைக்குமாம். கோடையில் அது சும்மா கிடக்கும். பெருமழை வந்தால் நேராக எங்கள் தெருவுக்கு வரும். முப்பத்தோரு வீடு, தம்பி.

எங்கள் நகராட்சித் தலைவரிடம் போனோம். "நாங்க மட்டும் நிறுத்தி என்னம்மா பிரயோஜனம், மேல இருக்கிறவன் கொட்டிக்கிட்டேதான இருப்பான்" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் மூன்று ஊரும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு வைத்து இடுக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று மனு எழுதி, மூன்று ஊரிலும் அலைந்து, ஒரே மனுவில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அலைந்தது குழாய்க்காரர், அறிவியல் டீச்சர், நான். குழாய்க்காரரை உனக்குத் தெரியும், பாதி ஊரின் குழாயை மாட்டியவர், மீதி ஊரின் கதவைத் தட்டியவர். நகராட்சிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதில் ஒரு லாபம், பிரதிகள் எல்லாம் நானே எடுத்தேன்.

உங்கள் ஊருக்கான பிரதி உன் பிரிவுக்குத்தான் வரும். தயவுசெய்து ஆறப்போடாதே.

பல் எத்தனை என்று எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். இருமல் நின்றுவிட்டது. பல் நான்கு, அதில் ஒன்றை அவன் விழுங்கிவிட்டான். உன் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, படியில் பெட்டி தூக்கி ஏறாதே.

மனு வந்தது. அக்கா, கோபித்துக்கொள்ளாமல் படி. அது திரும்பி வருகிறது. எந்த நகராட்சியும் தன் எல்லைக்குள் குடியிருப்பவர்களின் மனுவைத்தான் பதிவு செய்யலாம். நீங்கள் மூன்று ஊர்க் கையெழுத்தையும் கலந்து ஒரே மனுவில் வாங்கியிருக்கிறீர்கள். ஒற்றுமையைக் காட்டத்தான் என்று எனக்குப் புரிகிறது. விதிக்குப் புரியாது. வெளியூர்க் கையெழுத்து ஒன்று இருந்தாலும் மொத்தத் தாளும் செல்லாது. மற்ற இரண்டு ஊரிலும் இதையேதான் சொல்வார்கள்.

ஊருக்கு ஒரு மனுவாகப் பிரித்துக் கொடுங்கள். பதிவு எண் போட்டு வாங்கிக்கொள்வது என் பொறுப்பு.

குழாய்க்காரர் இன்னும் உன் கடைக்குத் தினமும் ஒரு பிரதி எடுக்க வருகிறாரா? ஒரே ரேஷன் அட்டைக்கு எத்தனை பிரதிதான் தேவைப்படும்?

உன் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலம்தானே? விழுங்கிய பல் என்ன ஆயிற்று என்று கேட்கப்போவதில்லை.

மனுவைப் பிரித்துவிட்டோம். மறுபடி நானூறு பேரிடம் போக மூன்று பேருக்கும் காலில்லை. கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொரு கையெழுத்தாக வெட்டி, ஊர்வாரியாக வேறு தாளில் ஒட்டினோம். டீச்சர் வெட்ட, நான் ஒட்ட, குழாய்க்காரர் விலாசம் படித்துச் சொல்ல, மூன்று நாள் ஆயிற்று. எங்கள் ஊர் நூற்றுத் தொண்ணூறு, மூன்றாம் ஊர் நூற்று முப்பத்தொன்று, உங்கள் ஊர் எண்பத்தெட்டு. மூன்று பேர் மிச்சம். அவர்கள் வீட்டு வாசல் எங்கள் எல்லையில், சமையலறை மூன்றாம் ஊரில். இரண்டு அலுவலகமும் எங்கள் ஆளில்லை என்றுவிட்டது. "சமைக்கிறது அங்க, சாப்பிடுறது இங்க, நாங்க மனுஷங்களா இல்லையா" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டாள். குழாய்க்காரர், "மனுஷங்கதான், மனுதாரர் இல்ல" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீச்சர் பசைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

மூன்று மனுவும் கொடுத்தாயிற்று. ரசீதும் வாங்கியாயிற்று. எங்கள் தலைவர் இப்போது, மற்ற இரண்டு ஊரும் சம்மதம் என்று எழுதினால் நாங்கள்தான் முதல் ஆளாக நிற்போம் என்கிறார். டீச்சர் போய்க் கேட்டதில் மூன்றாம் ஊரிலும் அதே வாக்கியம். மூன்று பேரும் வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் முதலில் நுழையுங்கள் என்று மரியாதை செய்துகொண்டிருக்கிறார்கள், தம்பி. உங்கள் ஊர் ஒரு வரி எழுதினால் போதும், மற்ற இரண்டுக்கும் சாக்கு போய்விடும்.

அந்த ஒரு வரிக்கு நீ வழி செய்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உடனே பதில் எழுத முடியவில்லை. ஆண்டுத் தணிக்கை, மேசை தெரியாத அளவுக்குக் கோப்பு. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

உங்கள் மனு பொறியாளரிடம் போயிருக்கிறது. மெல்ல நகர்கிறது. அவசரப்படுத்தினால் கெட்டுவிடும், இந்த மாதிரி விஷயங்களை அதன் போக்கில் விட வேண்டும்.

உன் மருமகன் உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறான், வைத்திருக்கிறேன். நீ வெயிலில் அலையாதே.

உன் தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல். படம் வைத்திருப்பதாக எழுதினாய், கூடவே வைத்து அனுப்பியிருக்கலாம்.

மெல்ல நகர்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே மண் வேகமாக நகர்கிறது. நானும் குழாய்க்காரரும் போன ஞாயிறு இடுக்கு வழியாக மேலே ஏறினோம். அவர் எப்போதும் போல முன்னால் போய், ஒவ்வொரு பாறையிலும் நின்று, எனக்காக நிற்கவில்லை, மூச்சு வாங்கத்தான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று கிளைகளும் சேரும் இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு குளம் இருக்குமே, அதில் பாதி தூர்ந்துவிட்டது. உடைந்த ஓடு, கழிப்பறைப் பீங்கான், கம்பி நீட்டிய சிமெண்ட் கட்டி. உங்கள் ஊர்க் கிளையில்தான் மிக அதிகம். அந்த மேட்டைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம்தான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

தண்ணீர் மேலிருந்து எங்கள் தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். உங்கள் ஊரில் கொட்டத் தொடங்கினால் சரியாக ஒரு மணி நேரம். அப்போது இங்கே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

பொறியாளர் என்ன சொல்கிறார்? ஒத்துக்கொள்கிறாரா, இல்லையா? இல்லை என்றாலும் பரவாயில்லை, இல்லை என்றாவது எழுது. கிணற்றில் கல் போட்டாலாவது சத்தம் கேட்கும்.

உன் அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னி. இங்கு யாவரும் சுகம். பள்ளி திறந்துவிட்டது, பையனுக்குப் புது வகுப்பு. உன் தம்பி மனைவி உன்னை இங்கே பத்து நாள் வந்து இருக்கச் சொல்கிறாள். மழைக்காலம் முடியும்வரை இருந்தால்கூட நல்லது என்று நானும் சொல்கிறேன். கடையை யாரிடமாவது விட்டுவிட்டு வா.

மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜூலை 18

தம்பிக்கு,

நலம்.

நேற்று எங்கள் நகராட்சி ஜெராக்ஸ் மெஷின் கெட்டுப்போய், தபால் எழுத்தர் ஒரு கோப்பை என் கடைக்குக் கொண்டுவந்தார். ஆறு பிரதி. மேல் தாள் உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த கடிதம். இடுக்கில் தங்கள் எல்லைக்குட்பட்ட பகுதியைத் தங்கள் நகராட்சியே கவனித்துக்கொள்ளும், கூட்டுக் குழு தேவையில்லை, நிலம் நிரவும் பணியில் ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. தேதி ஏப்ரல் ஒன்பது. கீழே பொறியாளர் கையெழுத்து. ஓரத்தில் தயாரித்தவர் சுருக்கொப்பம். அ எழுதப் பழகிய நாளிலிருந்து நான் பார்த்துவரும் கைக்கு உரியவனின் சுருக்கொப்பம் எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் ஒன்பதாம் தேதி முடித்து அனுப்பிவிட்டு, இருபதாம் தேதி எனக்கு மெல்ல நகர்கிறது என்று எழுதினாய். ஜூனில் பரிசீலனை என்று எழுதினாய். உங்கள் கடிதத்தைக் காட்டி எங்கள் தலைவர் அன்றே தன் கோப்பை மூடிவிட்டாராம். மூன்றாம் ஊரும் மூடிவிட்டது. அந்த ஒரு வரிக்கு வழி செய் என்று உன்னைக் கேட்டேன். செய்திருக்கிறாய்.

நான் ஆறு பிரதியும் எடுத்து, மூலைக்கு மூலை அடுக்கி, பின் அடித்துக் கொடுத்தேன். தெளிவாக வந்திருக்கிறது என்று எழுத்தர் பாராட்டினார்.

மழைக்காலம் முடியும்வரை உன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னாயே, அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. மீதி முப்பது வீட்டையும் கூப்பிட உன் வீட்டில் இடம் இருக்கிறதா?

அக்கா


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்றுகூட நினைத்தேன். நீ நலமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை.

மனு முடிந்துபோன கதை. டீச்சர் மேல் அலுவலகத்துக்கு எழுதினாள், சம்பந்தப்பட்ட மூன்று நகராட்சிகளையும் அணுகவும் என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அழுதாள். குழாய்க்காரர்கூட ஜோக் அடிக்கவில்லை.

இப்போது நான் உன்னிடம் குழு கேட்கவில்லை, தீர்மானம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. உன் அலுவலகப் பின் ஜன்னலிலிருந்து அந்த மண்மேடு தெரியும் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். அங்கே பெருமழை தொடங்கினால் எனக்கு ஒரு போன் செய். மழை என்று ஒரு சொல் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம். ஒரு மணி நேரம் கிடைத்தால் நானும் குழாய்க்காரரும் தெருவின் இரண்டு பக்கமும் போய் எல்லா வீட்டையும் கிளப்பிவிடுவோம். பழகியும் பார்த்துவிட்டோம். நாற்பது நிமிடம் ஆகிறது. அவர் பக்கம் படுக்கையில் இருப்பவர்கள் அதிகம்.

மூன்று ஊர் சேர்ந்து செய்ய வேண்டியதை ஓர் அக்காவும் தம்பியும் செய்து பார்ப்போம்.

அக்கா


செப்டம்பர் 18, பிற்பகல், அலுவலகம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பத்து முறை பதில் எழுதிக் கிழித்தேன். இன்று எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் மழை தொடங்கிவிட்டது. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.

நீ ஒரு சொல் போதும் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு முகம் வேண்டும், அக்கா. மன்னிப்புக் கேட்காமல் உன் குரலைக் கேட்க முடியாது. இதை முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். சாதாரண மழையாகத்தான் தெரிகிறது.

அந்தக் கடிதத்தை நான்தான் தயாரித்தேன். பொறியாளர் வாசகத்தைச் சொன்னார், நான் எழுதினேன். அக்கா குடியிருக்கும் தெரு, சார் என்றேன். "சுருக்கொப்பம்னா சம்மதம் இல்லப்பா, நீ பாத்தேன்னு ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்" என்றார். நான் போடாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் போட்டிருப்பார். இதையே எனக்கு நானே ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போட்டது நான்.

மூன்று மணி. மழை கனத்திருக்கிறது. ஜன்னலில் மேடு மங்கலாகத் தெரிகிறது.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், நீ போனில் கத்துவாய் என்றல்ல. நீ கத்தமாட்டாயோ என்று பயந்தேன். ஜூலையில் நீ எழுதியதில் ஒரு வசவுகூட இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று பதினைந்து. மேட்டின் ஓரத்தில் ஒரு பிளவு தெரிகிறது, கீழ்ப்பக்கம் நாங்கள் கொட்டிய மண் சரிந்து இறங்குகிறது. இப்போதே கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். பாதியில் நிற்கிறது கடிதம். குறிப்பு முடியாமல் ஒரு தாளும் என் மேசையை விட்டுப் போனதில்லை, பாழாய்ப்போன பழக்கம். இன்னும் இரண்டு பத்திதான். ஒன்றும் வராமல் நின்றுவிட்டால், எதை வைத்து ஊரைக் கிளப்பினாய் என்று பொறியாளர் கேட்பார் என்றும் மனதில் ஓடுகிறது. இந்தப் பயத்தையும் எழுதிவிடுகிறேன், இனி உன்னிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

அக்கா, நான் செய்தது தவறு. எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கூட்டுக் குழு வேண்டும் என்று ஒரு வரி குறிப்பு எழுத எனக்கு உரிமை இருந்தது, எழுதவில்லை. உன் தம்பியை மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு முறை திட்டி எழுது.

முடித்துவிட்டேன். கூப்பிடுகிறேன்.

கூப்பிட்டுவிட்டேன். நீ சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். எட்டு மாதம் கழித்து உன் குரல். மணி மூன்று நாற்பது. நான்கு மணித் தபால் பையில் இதைச் சேர்த்துவிடுகிறேன். மனம் லேசாக இருக்கிறது.

உன் தம்பி


செப்டம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். டீச்சர் வீட்டுப் பின்னறையிலிருந்து எழுதுகிறேன். போன் கோபுரம் விழுந்துவிட்டது, சாலையும் அறுந்துவிட்டது, இது எப்போது உனக்குக் கிடைக்குமோ தெரியாது.

நீ கூப்பிட்டபோது நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து காபித் தண்ணீர் வைத்திருந்தேன். வெளியே நல்ல வெயில். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன், முழங்காலாவது ஒன்றாவது. ஒரு மணி நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தோம். பத்து நிமிடம்கூட இல்லை. முதலில் சத்தம், பிறகு மண் வாசனை, பிறகு அது. தண்ணீரே இல்லை, தம்பி. கல்லும் சேறும் கம்பியும் ஒன்றாக எழுந்து நடந்து வந்தது. மலை பலவீனமாக இருந்ததால் சேறு சீக்கிரம் இறங்கிவிட்டது, குழாய்க்காரர் கணக்கு தப்பிவிட்டது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

பழகியிருந்ததால் என் பக்கம் பதினாறு வீட்டுக்காரர்களும் கத்தியதுமே மேலே ஏறிவிட்டார்கள். அவர் பக்கம் பதினைந்து, படுத்திருந்தவர்களை வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பதின்மூன்று முடித்துவிட்டுப் பதினான்காம் வீட்டில் படுக்கையில் கிடந்த தையல்காரரைத் தூக்கப் போனார். தையல்காரரும் அவர் மனைவியும் குழாய்க்காரரும் போய்விட்டார்கள். கடைசி வீடு பூட்டியிருந்தது, அது அவருக்குத் தெரியாது என்பதால் அவர் அதற்கும் போயிருப்பார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். நீ கேலி செய்தபோதெல்லாம் பதில் எழுதாமல் விட்டேன். அவரிடமும் சொன்னதில்லை. மழைக்காலம் முடியட்டும் என்று இருந்தேன்.

உன் போன் வராமல் இருந்தால் தெருவில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டோம். எல்லோரும் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். உன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தச் சேற்றோடு போயிற்று. சாலை சரியானதும் வந்து என்னைப் பார்.

உன் அக்கா


அக்டோபர் 3

தம்பிக்கு,

பதினெட்டாம் தேதி நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது.

மூன்று தடவை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். திட்டி எழுதச் சொல்லியிருக்கிறாய், எனக்கு வரவில்லை. குழாய்க்காரர் கணக்கு தப்பவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன். இரண்டு ஐம்பதிலிருந்து ஒரு மணி நேரம். அவர் பக்கத்துக்கு நாற்பது நிமிடம் போதும்.

மன்னிப்புக் கேட்காமலே கூப்பிட்டிருக்கலாமே. நான் அக்காதானே.

இங்கே இப்போது கூட்டுக் குழு அமைத்துவிட்டார்கள். மூன்று ஊர்த் தலைவர்களும் பொறியாளர்களும். வருகிற பதினான்காம் தேதி எங்கள் நகராட்சிக் கூடத்தில் விசாரணை. சரிந்தது இயற்கையான மலை, கொட்டிய மண் அல்ல என்று பொறியாளர்கள் சொல்கிறார்களாம். மழை எப்போது தொடங்கியது, எச்சரிக்க நேரம் இருந்ததா என்பதற்குச் சான்று எதுவும் இல்லையாம். உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, நேரத்தோடு, நீங்கள் கொட்டிய மண் சரிந்ததை உன் கண்ணால் பார்த்ததோடு. அதைக் காட்டினால் மேலே லாரி நின்றுவிடும். உன் வேலையும் போகும். இரண்டும் எனக்குத் தெரியும்.

கடை மேட்டுத் தெருவில் இருப்பதால் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் உன் கடிதத்தைக் கண்ணாடியில் வைத்து மூடியையும் இறக்கினேன். பட்டனை அழுத்தவில்லை. அசலை இதனுடன் உனக்கே அனுப்புகிறேன். என்னிடம் பிரதி கிடையாது. நீயே கொண்டுவந்து கொடு.

அக்கா


அக்டோபர் 17

தம்பிக்கு,

விசாரணைக்கு நீ வந்திருந்தாய். பொறியாளருக்குப் பின்னால், நடவடிக்கைக் குறிப்பு எழுதும் சிறு மேசையில். இளைத்திருக்கிறாய். நான் பொதுமக்கள் வரிசையில் டீச்சருக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டாய், அது எனக்குத் தெரியும்.

டீச்சர்தான் எழுந்து கேட்டாள். "மேல ஆபீஸ்ல அத்தனை பேர் இருந்தீங்களே, மழை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு ஒருத்தருக்குமா தெரியாது?" பொறியாளர் திரும்பி உன் பக்கம் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரிந்து பார்க்கவில்லை, குறிப்பில் ஏற வேண்டுமே என்று பார்த்தார். நீ தலையை நிமிர்த்தவில்லை. அவர், "சரியா தெரியல, திடீர்னு வந்த மழை" என்றார். நீ எழுதினாய். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் எழுதினாய், பேனா எங்கும் நிற்கவில்லை.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். கையில் தாள் இல்லை, சொன்னால் யார் நம்புவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது பொய். நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவளிடம் உன் கடிதத்தைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. குழாய்க்காரரின் அண்ணன் முன் வரிசையில் இருந்தார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் தம்பி புண்ணியவான் என்று சொன்னார்.

மூன்று ஊரும் ஒருமனதாக எடுத்த தீர்மானத்தை நீயே எழுதியிருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். மேலே மண் மேடுகளைப் பலப்படுத்தி நிரவும் பணி தொடரும். எங்கள் தெரு குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்து எல்லோரையும் அப்புறப்படுத்த வேண்டும். நேற்றுக் காலையே ஆட்கள் வந்துவிட்டார்கள். சேற்றை அள்ளிவிட்டு மறுபடி குடிபுகுந்திருந்த வீடுகளை மாலைக்குள் காலி செய்துவிட்டோம். கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் வீட்டுக்காரியையும் மருமகனையும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். இனி அங்கே மழை பெய்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், தெருவில் யாரும் இல்லை.

அக்கா